காதா, தலையா

அக்காவை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் தள்ளுவண்டியில் கொண்டுபோனபோது வாசலில் நின்ற ஊழியர் கேட்ட முதல் கேள்வி, “ஷெல்லோ, பொம்மரோ?” என்பதுதான். “சைக்கிள்” என்றேன். நான் பகிடி விடுகிறேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சைக்கிளாலை விழுந்ததுக்கோ இவ்வளவு ரத்தம்?” என்றார். அந்த நேரத்திலும் எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். ஆனால் அவரிலும் பிழையில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊரில் தலை உடைய வேண்டுமென்றால் வானத்திலிருந்து ஷெல்லோ விமானக் குண்டோ விழவேண்டும் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தோம். சைக்கிளிலிருந்து விழுந்தால் முழங்கால் தேயும், அவ்வளவுதான்.

அப்போது யாழ்ப்பாணமே சைக்கிளில்தான் ஓடியது. பெற்றோல் வருவதில்லை. மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடிய சிலதைத் தவிர மற்ற மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் சாக்கைப் போர்த்திக்கொண்டு கொட்டில்களில் நின்றன. விறகு, வாழைக்குலை, நோயாளி, கல்யாணப் பொம்பிளை என்று எல்லாமே சைக்கிளில் போய்வந்தன. மோட்டார் சைக்கிளோடு சேர்ந்து ஹெல்மெற்றுகளும் வேலையிழந்தன. எங்கள் அயலில் ஒரு வீட்டில் ஹெல்மெற்றுக்குள் வைக்கோல் போட்டுக் கோழியை அடைக்கு வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் இருந்தது அத்தானுடைய ஹெல்மெற். அத்தான் வேலை விஷயமாகப் போய்க் கொழும்பில் மாட்டுப்பட்டிருந்தார். அவர் போன நாளிலிருந்து அது உள்வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கியது. யாருக்கும் அதைப் பார்த்து ஒரு எண்ணமும் வந்ததில்லை.

அக்கா அரசாங்க மருத்துவிச்சி. உடுவில் பக்கத்துக் கர்ப்பிணிகளை வீடுவீடாகப் போய்ப் பார்ப்பது அவள் வேலை. ஊரில் எல்லோருக்கும் அவள் ‘மிஸி’. வெள்ளைச் சேலையைச் செருகிக்கொண்டு, ஹாண்டிலில் பையைக் கொளுவிக்கொண்டு அவள் சைக்கிளில் போனால், எந்த ஒழுங்கையில் யாருக்குப் பிள்ளை கிடைக்கப்போகிறது என்று ஊருக்குத் தெரிந்துவிடும். மழை விட்ட ஒரு காலை, தோட்டங்களுக்கு நடுவே போகிற ஒழுங்கையில் முன்சில்லு வண்டில் தடத்துக்குள் இறங்கிவிட்டது. அக்கா பக்கவாட்டில் சரிந்தாள். இடக் காதுக்கு மேலே, மதகின் சீமெந்து விளிம்பில் தலை அடிபட்டது. நொறுங்கிய எலும்புத் துண்டுகளை டாக்குத்தர் எடுத்துவிட்டார். எடுத்த இடத்தில் வைப்பதற்கு அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் ஒன்றுமில்லை.

கட்டுப் பிரித்த நாளை நான் மறக்கமாட்டேன். மொட்டையடித்த தலையில், என் உள்ளங்கை அளவில் ஓரிடம் சற்றே பள்ளமாக இருந்தது. அந்த இடத்துத் தோல் அசைந்தது. எழும்பித் தாழ்ந்து, எழும்பித் தாழ்ந்து, ஒரே சீராக அசைந்தது. முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு என் கையிலிருந்த அக்காவின் மணிக்கட்டு நாடியும் அதே கணக்கில் அடிப்பதை உணர்ந்தேன். அக்கா இருமினாள். அந்த இடம் புடைத்துவிட்டுத் திரும்பப் பள்ளமானது. என் அக்கா, சின்ன வயதில் எனக்குப் பேன் பார்த்துச் சடை பின்னிவிட்டவள், கணக்குப் பிழைத்தால் குட்டியவள், அவளுடைய நினைப்பு முழுவதும் ஒரு தோலுக்குக் கீழே துடித்துக்கொண்டிருந்தது. அதைவிட்டுக் கண்ணை எடுக்க என்னால் முடியவில்லை. பயத்தால் மட்டும் என்று சொல்லமாட்டேன். கோயில் மூலஸ்தானத்தில் திரை விலகும்போது வாய் பேசாமல் நிற்போமே, அப்படித்தான் நின்றேன்.

டாக்குத்தர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “மிஸி, உந்த இடத்திலை எலும்பில்லை. இன்னொருக்கா உதிலை அடிபட்டால் என்னாலை ஒண்டும் செய்யேலாது. தலையைப் பாத்துக்கொள்ளுங்கோ.”

அக்கா கையால் அந்த இடத்தை மெல்லத் தொட்டுப் பார்த்தாள். “பிள்ளையளின்ரை உச்சிக்குழி மாதிரித்தான் கிடக்குது, என்ன டொக்டர்?” என்றாள். எத்தனையோ பிள்ளைகளின் உச்சிக்குழியில் விரல் வைத்துப் பார்த்த கை அது. அவளுக்கு அது புதினமாகவே இருக்கவில்லை.

மயிர் ஒரு விரற்கடை வளர்ந்ததும் அக்கா வேலைக்குப் போகப்போவதாகச் சொன்னாள். நான் கத்தினேன். “உனக்கென்ன விசரோ? டொக்டர் என்ன சொன்னவர்?” என்று கேட்டேன். அவள் என்னைத் திரும்பியும் பார்க்காமல் சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். கடற்கரைப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்த சனம் உடுவிலில் நிறைந்துகிடந்த நேரம் அது. அவர்களில் எத்தனையோ பேர் வயிற்றுப் பிள்ளைக்காரிகள். அவளுக்குப் பதிலாக வரவேண்டியவர் ஒருவரும் வரவில்லை. “டொக்டர் தலையைப் பாக்கச் சொன்னவர். வீட்டிலை இருக்கச் சொல்லேல்லை” என்றாள். பிறகு எழுந்து போய் ஆணியிலிருந்த ஹெல்மெற்றை எடுத்தாள். தூசு தட்டினாள். முகத்தை மறைக்கும் கண்ணாடியைக் கழற்றி அலுமாரிக்கு மேலே வைத்தாள். ஆளைக் காட்டிக்கொடுக்க முகம் மூடி வந்தவர்களைக் கண்டு ஊர் ஏற்கெனவே போதுமான அளவு பயந்திருந்தது.

வெள்ளைச் சேலை, கறுப்பு ஹெல்மெற், லேடீஸ் சைக்கிள். சந்தியில் நின்றவர்கள் விடுவார்களா? “மிஸி சந்திரனுக்கோ போறியள்?” என்று ஒருவர் கேட்டார். “ஓம், அங்கையும் ஒரு கேஸ் இருக்காம்” என்றாள் அக்கா. சிரிப்பு இரண்டு நாளில் அடங்கிவிட்டது. சிரிப்பல்ல அவளுக்குப் பிரச்சினை. காது.

இதை வெளியூர்க்காரருக்குச் சொன்னால் விளங்காது. நான் இப்போது இருக்கிற நாட்டில் சைக்கிளில் போகிறவர்கள் ஹெல்மெற் போடாததற்குத் தலைமயிர் கலையும், வியர்க்கும், அழகில்லை என்று காரணம் சொல்கிறார்கள். எங்களுக்குக் காரணம் ஒன்றுதான். காதைத் திறந்து வைத்திருந்தவன் பிழைத்தான். ஹெலி என்றால் ஒரு சத்தம், பொம்மர் என்றால் வேறு சத்தம், ஷெல் புறப்படுகிற சத்தம் இன்னொன்று. எது எந்தத் திசையில், கிட்டவா தூரவா என்று சைக்கிளில் போகும்போதே சொல்லாதவர்கள் கிடையாது. காங்கேசன்துறை வீதியில் ஒரு நாள் கண்ட காட்சி இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. வேலைக்கும் சந்தைக்குமாக வீதி நிறையச் சைக்கிள்கள். யாரோ ஒருவருக்கு ஏதோ சந்தேகம் வந்து மிதிப்பதை நிறுத்தினார். அவருக்குப் பின்னால் வந்தவர் நிறுத்தினார். கண் மூடித் திறப்பதற்குள் வீதி முழுவதும் கால்கள் நின்றுவிட்டன. சைக்கிள்கள் தம்பாட்டில் உருண்டன. சில்லுகளின் டிக்டிக் மட்டும் கேட்டது. அத்தனை பேரும் தலையைச் சற்றே சாய்த்துக்கொண்டு வானத்தைக் கேட்டார்கள். பிறகு ஒருவர் “வான்” என்றார். தூரத்தில் வந்தது மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு வான் வண்டிதான். எல்லோரும் திரும்ப மிதித்தார்கள். எவரும் எவருக்கும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு ஊரே இப்படிக் கேட்கப் பழகியிருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும்.

அந்த ஹெல்மெற்றோ இரண்டு காதையும் பஞ்சால் அமத்திக்கொண்டது. போட்டுக்கொண்டு மிதித்தால் அக்காவுக்குத் தன் மூச்சைத் தவிர வேறொன்றும் கேட்காது. கழற்றினால் மண்டையில் எலும்பில்லை.

வெட்டிவிடுவோம் என்று நான்தான் யோசனை சொன்னேன். காதுப் பக்கத்தை மட்டும் அறுத்துவிட்டால் தலைக்குத் தலையும் ஆச்சு, காதுக்குக் காதும் ஆச்சு. ஆனால் எலும்பில்லாத இடம் இடக் காதுக்கு நேர் மேலே. அந்தப் பக்கத்தை அறுத்தால் ஹெல்மெற் போடுவதில் அர்த்தமேயில்லை. ஆகவே வலப் பக்கத்தை மட்டும் இரும்பு அறுக்கும் வாளால் அறுத்தோம். அறுத்து முடித்தபோது என் கை கொப்பளித்திருந்தது. அக்கா போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றாள். நான் படலையடியில் நின்று, “கேக்குதோ?” என்றேன். “கேக்குது” என்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே புளுகம், சிரிப்பை அடக்க முடியவில்லை.

நாங்கள் விட்ட பிழை சில நாட்கள் கழித்து மருதனார்மடத்துக்குக் கிட்டத் தெரியவந்தது. பொம்மர் வந்தது. அக்காவுக்குக் கேட்டது. எல்லோருக்கும் கேட்ட அதே நேரத்தில்தான் கேட்டது. ஆனால் சனம் எல்லாம் சைக்கிளைப் போட்டுவிட்டு ஒரு பக்கம் ஓட, அக்கா மறுபக்கம் திரும்பி, பொம்மர் வருகிற திசையை நோக்கியே வேகமாக மிதித்திருக்கிறாள். கடைக்காரர் ஒருவர் குறுக்கே பாய்ந்து ஹாண்டிலைப் பிடித்து நிறுத்தினாராம். வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது அவளுக்கே ஆச்சரியம். “வருகுது எண்டு தெரியுதடி. எங்கையிருந்து எண்டு தெரியேல்லை” என்றாள். ஒரு காதால் சத்தம் கேட்கலாம், திசை கேட்க முடியாது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. தலையின் இரண்டு பக்கமும் ஏன் ஒவ்வொரு காது இருக்கிறது என்று அதற்கு முன் நான் யோசித்ததே கிடையாது. எவ்வளவு பெரிய விஷயத்தைத் தோடு போட மட்டும் வைத்திருந்தோம்.

அடுத்த நாளிலிருந்து நானும் கூடப் போனேன். பல்கலைக்கழகம் எப்போது கூப்பிடும் என்று பார்த்துக்கொண்டு வீட்டில் சும்மாதான் இருந்தேன். அக்கா முன்னால் போவாள். நான் பின்னால் வலப் பக்கத்தில், அவளுக்குக் கேட்கக்கூடிய தூரத்தில் போவேன். சத்தம் கேட்டால் திசையைச் சொல்வேன். அவள் தலையைப் பார்த்துக்கொள்வாள், நான் வானத்தைக் கேட்டுக்கொள்வேன். போகிற வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டும் போனேன் என்பதை மறைப்பானேன். “வாயை மூடடி, உனக்கே சத்தம் கேக்காமல் போகப்போகுது” என்பாள்.

அப்படிப் போய்வந்த வீடுகளில் ஒன்றில் கீரிமலைப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்த பெண் ஒருத்தி இருந்தாள். என்னைவிட இரண்டொரு வயதுதான் கூட இருக்கும். அவளுடைய முதல் பிள்ளை, ஓடிவந்த அலைச்சலில், பிறக்காமலே போயிருந்தது. இரண்டாவது இப்போது நிறைமாதம். கணவர் வன்னிக்கு நெல் அரிவி வெட்டுக்குப் போயிருந்தார். அக்கா மரக்குழலை அவள் வயிற்றில் வைத்து மறுமுனையில் காதை வைத்துக் கேட்கும்போதெல்லாம் அந்தப் பெண் மூச்சுக்கூட விடமாட்டாள். அக்கா நிமிர்ந்து, “இருக்குது” என்று சொன்ன பிறகுதான் மூச்சு விடுவாள். ஒவ்வொரு முறையும் அப்படித்தான்.

ஒரு நாள் முற்பகல் நாங்கள் போனபோது அவளுடைய காலும் முகமும் வீங்கியிருந்தன. கண்ணுக்குள் பூச்சி பறக்கிறது என்றாள். அக்கா பிரஷர் பார்த்தாள். முகம் மாறியது. குழலை வைத்துக் கேட்டுவிட்டு, “பிள்ளை நல்லா இருக்குது. ஆனால் இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்” என்றாள். ஊரிலிருந்த ஒரே வான் வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு போயிருந்தது. அக்கா என் சைக்கிள் கரியரில் தலையணை ஒன்றைக் கட்டினாள்.

உடுவிலிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நிறைமாதக்காரியைக் கரியரில் வைத்து மிதிப்பது சும்மா காரியமில்லை. அவள் ஒரு பக்கமாக இருந்துகொண்டு என் இடுப்பைப் பிடித்திருந்தாள். வீதியின் ஒவ்வொரு பள்ளங்கிடங்கிலும் நான் இறங்கித் தள்ளினேன். எதிர்காற்று வேறு. கொஞ்சத் தூரத்திலேயே எனக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. அக்கா பக்கத்தில் வந்து, “உனக்கு ஏதும் கேக்குதோ?” என்று கேட்டாள்.

“என்ரை மூச்சுத்தான் கேக்குது” என்றேன்.

அக்கா சைக்கிளை நிறுத்தினாள். என்னையும் நிறுத்தச் சொன்னாள். தாடைக்குக் கீழே கைவிட்டு வாரைக் கழற்றினாள். ஹெல்மெற்றை எடுத்து அந்தப் பெண்ணின் தலையில் வைத்தாள். குட்டை மயிருக்குள்ளால் அந்த இடம் துடிப்பது நட்ட நடு வெயிலில் நன்றாகத் தெரிந்தது.

“அக்கா, போடு. டொக்டர் சொன்னது மறந்துபோச்சோ?” என்றேன். எனக்கு அழுகை வந்தது.

“நீ மிதி. இனி நான் கேக்கிறன்” என்றாள். அந்தப் பெண் ஹெல்மெற்றைக் கழற்றப் போனாள். அக்கா அவள் கையைப் பிடித்து, “நீங்கள் பேசாமல் இருங்கோ, பிள்ளை. ஹாண்டிலிலை பை கிடக்குது, எனக்கு உதைக் கொளுவ இடமில்லை” என்றாள்.

இணுவில் தாண்டி, கோண்டாவிலும் தாண்டினோம். அக்கா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நான் மிதித்தேன். நேராகப் போய்க்கொண்டிருந்த முதுகு திடீரென்று நிமிர்ந்தது. வீதியில் போன வேறு எவரும் இன்னும் காலை நிறுத்தவில்லை. “நிப்பாட்டு. வடக்காலை வருகுது. இடப்பக்க மதிலோடை” என்றாள். நான் நிறுத்த முதலே அவள் சைக்கிளைப் போட்டுவிட்டு வந்து அந்தப் பெண்ணை இறக்கினாள். மூன்று பேரும் மதிலோரத்து வாய்க்காலுக்குள் இறங்கினோம். அதற்குப் பிறகுதான் வீதியில் மற்றவர்கள் சைக்கிள்களைப் போடுகிற சத்தம் கேட்டது. அதற்கும் பிறகுதான் எனக்குப் பொம்மர் கேட்டது.

அது தாழப் பதிந்து வந்தபோது நான் அக்காவின் மேல் விழுந்து, இரண்டு கையாலும் அவள் தலையைப் பொத்தினேன். என் உள்ளங்கைக்குக் கீழே அந்த இடம் அடித்தது. நிலம் ஒருமுறை தூக்கிப் போட்டது. மதிலுக்கு மேலால் மண்ணும் ஓட்டுத் துண்டுகளும் வந்து விழுந்தன. என் புறங்கையில் ஏதோ பட்டு எரிந்தது. கையை எடுக்கவில்லை. இவ்வளவு சத்தத்துக்கும் நடுவில், என் கைக்குள் அது கலங்காமல் அடித்துக்கொண்டிருந்தது. உயிர் என்பது இவ்வளவு மெல்லிய இடத்தில் இவ்வளவு உறுதியாக இருக்குமென்று எனக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. நான் கும்பிட்டேனா, அழுதேனா என்று தெரியாது.

சத்தம் தூரப் போனபிறகு தலையைத் தூக்கி அந்தப் பெண்ணைப் பார்த்தேன். வாய்க்காலுக்குள் பக்கவாட்டில் படுத்திருந்தாள். தலைமயிர் முழுக்கப் புழுதி. நெற்றியில் ஒரு கீறலிலிருந்து ரத்தம் வழிந்தது. ஹெல்மெற் அவள் தலையில் இல்லை. அதை வயிற்றின் மேல் கவிழ்த்து, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தாள். அதன் கறுப்பு முதுகில் ஒரு கல் பட்டு வெள்ளையாகச் செதுக்கியிருந்தது.

அக்கா முழங்காலில் ஊர்ந்து போய் முதலில் அவளுடைய நெற்றியைத் துடைத்தாள். பிறகு ஹெல்மெற்றை மெல்ல நகர்த்திவிட்டு, பைக்குள்ளிருந்த குழலை எடுத்து வைத்துக் கேட்டாள். நெடுநேரம் கேட்டாள். வீதியில் சனம் ஒருவரையொருவர் கூப்பிடுகிற சத்தம். அந்தப் பெண் மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை.

“இருக்குது” என்றாள் அக்கா.

பிள்ளை அன்று பின்னேரமே ஆஸ்பத்திரியில் பிறந்தது. பெண் பிள்ளை, நல்ல தொண்டை. அக்காவுக்கும் அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இதெல்லாம் பிறகு தெரிந்த கதை. அந்த வாய்க்காலிலிருந்து ஏறும்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பொம்மர் திரும்பி வரலாம். வழி இன்னும் பாதி கிடந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அக்கா தன் தலையிலிருந்து கழற்றிக் கொடுத்ததை அவள் தன் தலையில் போடவில்லையே. “அவதான் தலையிலை போடேல்லையே, அக்கா. நீயாவது வாங்கிப் போடன்” என்றேன். அந்தப் பெண் வெட்கப்பட்டுப்போய் ஹெல்மெற்றை நீட்டினாள். “குறை நினையாதையுங்கோ, மிஸி” என்றாள்.

அக்கா அதை வாங்கினாள். திருப்பிப் பார்த்து, உள்ளே விழுந்திருந்த மண்ணைத் தட்டினாள். போடப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அந்தப் பெண் கரியரில் ஏறி இருக்கும்வரை காத்திருந்தாள். பிறகு குனிந்து, ஹெல்மெற்றைத் திரும்ப அவள் வயிற்றில் கவிழ்த்து வைத்து, அவளுடைய கையை எடுத்து அதன் மேல் வைத்தாள்.

“அங்கையே இருக்கட்டும்” என்றாள்.